கம்பியில் மின்சாரம் இல்லை என்பதற்கு என்ன சான்று?

வீட்டுச் சுவரில் ஒரு விளக்கு சுவிட்ச் கெட்டுப்போனால் அதை வீட்டுக்காரரே மாற்றலாமா? இந்தக் கேள்விக்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி, வீட்டு மின்னமைப்பில் சேர்ப்பதோ மாற்றுவதோ பழுதுபார்ப்பதோ எதுவானாலும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமே நடக்க வேண்டும் என்றது. அதே விதி ஒரு விலக்கும் தந்தது. பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் முதலியவற்றை, அமைப்பின் திறனோ தன்மையோ எவ்வகையிலும் மாறாதபடி மாற்றிப் போடுவதற்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. 2010-இல் மத்திய மின்சார ஆணையம் புதிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டபோதும் இந்த விலக்கு தொடர்ந்தது. ஆகவே மாற்றலாமா என்று நான் இங்கே வாதிடப் போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. சுவிட்சை மாற்றுவது இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி இரண்டு திருகாணிகளை முறுக்கும் வேலை. அதில் ஆபத்து கைத்திறனில் இல்லை. கம்பியில் மின்சாரம் இல்லை என்று நாம் நம்பிவிடுவதில் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்குச் சான்று வேண்டும். நம் தகப்பனார் காலத்து வீட்டில் அந்தச் சான்று எளிதாகக் கிடைத்தது. இன்றைய வீட்டில் அப்படிக் கிடைப்பதில்லை.

முதலில், எதற்கு இவ்வளவு அச்சம் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று 230 வோல்ட்டில் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம், நுணுக்கங்களை விட்டுவிட்டால், சுமார் 40 மில்லி ஆம்பியர். ஒரு ஆம்பியரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. இத்தனை சிறிய விளக்குக்கான சுவிட்ச்தானே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் 1940-களில் தொடங்கித் தன்னார்வலர்களை வைத்து நடத்திய சோதனைகள் வேறொரு அளவுகோலைத் தந்தன. கம்பியைப் பிடித்த கை தானே விட்டுவிடக்கூடிய மின்னோட்டத்தின் எல்லை, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் தசை இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விரல் விரியாது. 230 வோல்ட்டில் உடம்பின் தடை, கை நன்றாகப் பட்டுவிட்டால், ஏறக்குறைய ஆயிரம் முதல் இரண்டாயிரம் ஓம். வகுத்துப் பாருங்கள்: 115-இலிருந்து 230 மில்லி ஆம்பியர் வரை வருகிறது. விளக்கு எவ்வளவு சிறியது என்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல, ஏனென்றால் சுவிட்சின் முனையில் காத்திருப்பது தெருக் கம்பியின் முழு அழுத்தம். விளக்குச் சுற்றுக்குப் போட்டிருக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி. என்ற தானியங்கித் துண்டிப்பானும் இதைக் கண்டுகொள்ளாது. 6000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் அது விழ யோசிக்கும். 200 மில்லி ஆம்பியர் அதற்கு இன்னொரு மின்விசிறி ஓடுவது போலத்தான். எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதரை அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டு அறிக்கைகளைப் புரட்டினால், மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இறப்பது தெரியும். வயல்வெளி, அறுந்த கம்பி, கட்டட வேலை என்று எல்லா வகை மரணமும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். சுவிட்ச் பலகையைத் தனியாகப் பிரித்துச் சொல்லும் கணக்காக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுவிட்ச் ஏன் கெடுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் எப்போது மாற்றவேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது. தொடுமுனைகள் மெதுவாகப் பிரிந்தால் இடையில் தீப்பொறி நீண்டு உலோகத்தை அரிக்கும். 1884-இல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் கண்டுபிடித்த சுவிட்ச் இதற்குத்தான் தீர்வு சொன்னது. விரல் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் உள்ளே ஸ்பிரிங் சட்டென்று தாவி முனைகளைப் பிரித்துவிடும். நாம் கேட்கும் அந்த 'டக்' ஓசை ஸ்பிரிங்கின் தாவல். ஓசை மங்கி, சுவிட்ச் நடுவிலேயே நின்றுகொண்டாலோ, உள்ளே சடசடவென்று பொரிந்தாலோ, பிளேட் சூடாகிப் பழுப்பேறினாலோ அதன் காலம் முடிந்தது என்று பொருள். சூட்டுக்குப் பெரும்பாலும் காரணம் சுவிட்சுக்குப் பின்னால் தளர்ந்துபோன திருகாணி. இந்த நிலையில் ஆறு மாதம் விட்டுவைக்கும் வீடுகள் ஏராளம். எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கிறோம், வருவார் என்பார்கள்.

இனி மையமான செய்திக்கு வருகிறேன். விளக்கை அணைத்துவிட்டால் போதும் என்று யாரும் இப்போது நினைப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். சுவிட்ச் இருப்பது மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பியில்தான். அணைத்தாலும் அதன் ஒரு முனை உயிரோடே இருக்கும். அதே பலகையில் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்குச் சிறு துண்டுக் கம்பியால் லூப் அடித்துப் பேஸைக் கொண்டுபோயிருப்பார்கள். ஆகவே பலகை முழுவதையும் அணைத்தாலும் ஒன்றும் மாறாது. மெயினை இறக்க வேண்டும். பழைய வீட்டில் பீங்கான் ஃபியூஸ் கேரியரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். அது நல்ல பழக்கம், வேறு யாரும் திரும்ப மாட்டிவிட முடியாது. அந்த வீட்டுக்கு மின்சாரம் வர ஒரே வழிதான் இருந்தது. இன்று நடுத்தர வீடுகள் பலவற்றில் இன்வெர்ட்டர் இருக்கிறது. விளக்கு, மின்விசிறி சுவிட்சுகளுக்குப் பேஸ் இன்வெர்ட்டரிலிருந்து வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் சாக்கெட்டுக்கு நேரடி ஈ.பி. லைன், அதாவது மின்வாரியத்தின் லைன். ஒரே பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு மூலங்கள். நீங்கள் மெயினை இறக்கிய அடுத்த கணம், இமைப்பதற்குள், இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை உண்டாக்கி அதே கம்பியில் அனுப்புகிறது. முன்வாசலைப் பூட்டினால் கொல்லைக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் வீடு இது. அப்படியானால் இன்வெர்ட்டரின் முகப்பு சுவிட்சை மட்டும் அணைக்கலாமா? அதுவும் போதாது. ஈ.பி. இருக்கும்போது பல இன்வெர்ட்டர்கள் அணைந்த நிலையிலும் அந்த மின்சாரத்தை அப்படியே வெளியே கடத்திவிடும். முகப்பு சுவிட்ச் நிறுத்துவது பேட்டரியிலிருந்து வருவதை மட்டுமே. இரண்டையும் நிறுத்த வேண்டும். இன்வெர்ட்டரை அணைத்து, சாக்கெட்டில் செருகியிருந்தால் பிளக்கையும் உருவி, நேரடியாக இணைத்திருந்தால் அதற்குரிய எம்.சி.பி.யை இறக்கி, மெயினையும் இறக்கினால்தான் இரண்டு கதவும் அடைபட்டதாகும்.

இந்த இடத்தில் நம் ஊரில் வேரூன்றிய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்ன நாள் காலை முதல் மின்தடை என்று செய்தி வந்ததும், அன்றைக்கே சுவிட்சை மாற்றிவிடலாம் என்று ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. பாதுகாப்பான நேரம் போலத் தோன்றும் இது மிகவும் மோசமான நேரம். இன்வெர்ட்டர் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான். ஈ.பி. மின்சாரமோ, அறிவித்த நேரத்துக்கு முன்பே வேலை முடிந்தால் முன்பே வரும். உங்கள் கை பெட்டிக்குள் இருப்பது துணைமின் நிலையத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தெருவில் நேர்ந்த மின்தடை நீங்கள் செய்த துண்டிப்பு ஆகாது. அதைத் திரும்பக் கொடுக்கும் அதிகாரம் உங்கள் கையில் இல்லை.

இரண்டு மூலங்களோடு சிக்கல் முடிந்துவிடுவதில்லை. மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் பேஸ் மாற்றும் திருகு சுவிட்சுகள் வைத்திருப்பார்கள்; ஒரு பேஸில் மின்சாரம் போனால் இன்னொன்றுக்குத் திருப்பிக்கொள்ள. காலப்போக்கில் ஒரே பலகைக்கு இரண்டு பேஸ்கள் வந்து சேர்வது நடக்கிறது. அவற்றுக்கிடையே அழுத்தம் 400 வோல்ட்டைத் தொடும். ஒரு எம்.சி.பி.யை இறக்கினால் ஒரு பாதிதான் சாகும். கம்பியின் நிறத்தை நம்பலாமா என்றால், சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்பது முறை. ஆனால் பழுதுபார்க்க வந்தவர் கையில் மிச்சமிருந்த கறுப்புச் சுருளைப் பேஸுக்குப் போட்டிருந்தால் சுவரைப் பார்த்து யாருக்கும் தெரியாது. சுவிட்ச் பேஸில்தான் இருக்கவேண்டும், நியூட்ரலை மட்டும் தனியாகத் துண்டிக்கக் கூடாது என்பதும் நெடுநாளைய விதி. அதை மீறி நியூட்ரலில் சுவிட்ச் வைத்த பழைய வீடுகள் இருக்கின்றன, அங்கே விளக்கு அணைந்திருந்தாலும் பல்பு மாட்டும் ஹோல்டர் உயிரோடு இருக்கும். கூரையில் சூரிய மின்தகடு உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, ஈ.பி. போனால் தானும் நின்றுவிடும். பேட்டரியோடு வரும் ஹைப்ரிட் வகை நிற்காது.

நிறமும் சொல்லாது, விளக்கும் சொல்லாது, எம்.சி.பி.யின் பெயரும் சொல்லாது என்றால் எதைத்தான் நம்புவது? சோதனையை. அதிலும் சோதனைக் கருவியைச் சோதித்த பிறகு. நம் வீடுகளில் இருப்பது நியான் டெஸ்டர். உள்ளே பெரிய தடையும் சின்ன நியான் குமிழும். பின்தலையைத் தொடும் விரல் வழியாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் போய்க் குமிழ் ஒளிரும். எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது சரி. எரியாவிட்டால் இல்லை என்று முடிவு கட்டுவதில்தான் தவறு நேர்கிறது. குமிழ் பழுதாகியிருக்கலாம். பட்டப்பகல் வெளிச்சத்தில் அந்த மங்கல் ஒளி கண்ணுக்குப் படாமல் போகலாம். காய்ந்த மர முக்காலியில் ரப்பர் செருப்போடு நின்றால் தரைக்கான பாதை அடைபட்டு ஒளி இன்னும் குறையலாம். நம்மைக் காக்கும் அதே செருப்பு டெஸ்டரைப் பொய் சொல்ல வைக்கிறது என்பது இந்த விஷயத்தின் விநோதம். ஆகவே முதலில் மின்சாரம் உண்டு என்று தெரிந்த ஒரு சாக்கெட்டில் வைத்துப் பாருங்கள், எரிய வேண்டும். பிறகு சந்தேகத்துக்குரிய கம்பிகளில் வையுங்கள்; எரியக் கூடாது. மறுபடி அந்தச் சாக்கெட்டுக்குப் போங்கள். மீண்டும் எரிய வேண்டும். நடுவில் கிடைத்த 'இல்லை' என்ற விடை இந்த மூன்றாம் படிக்குப் பிறகுதான் சான்றாகிறது. இதற்கு ஒரு வரிசை வேண்டும். இன்வெர்ட்டரை இரு வழியிலும் நிறுத்திவிட்டு, அந்த அறைக்கான எம்.சி.பி.யை மட்டும் முதலில் இறக்கி, வேறு அறையின் உயிருள்ள சாக்கெட்டை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு மூன்று படிகளையும் முடியுங்கள். பிளேட்டைக் கழற்றும்போது பிளாஸ்டிக்கை மட்டுமே தொட்டு, மாற்றப்போகும் சுவிட்சின் இரு முனைகளையும் மட்டுமல்ல, பெட்டிக்குள் இருக்கும் எல்லா முனைகளையும் பாருங்கள். எதிலாவது எரிந்தால் அந்தப் பலகைக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதையும் கண்டு அடைத்து, மீண்டும் சோதித்து, கடைசியில் மெயினையும் இறக்கிவிட்டுக் கையை நீட்டுங்கள். மின்தடை நாளில் இந்தச் சோதனையே நடக்காது என்பது இப்போது விளங்கும். ஒப்பிட்டுப் பார்க்க உயிருள்ள ஈ.பி. சாக்கெட் அன்று வீட்டில் கிடையாது.

மற்ற வேலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சுவிட்சுக்கு நிகரான 6 ஆம்பியர் சுவிட்ச், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, ஐ.எஸ். 3854 தரத்தில் வாங்குங்கள். மாடுலர் வகையானால் அதே கம்பெனியின் அதே வரிசை, இல்லாவிட்டால் சட்டத்தில் உட்காராது. கம்பியின் நுனி கருகியிருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாக உரியுங்கள். திருகாணிக்குள் முழுதாக நுழையும் அளவு மட்டும் உரிக்க வேண்டும், செம்பு வெளியே தெரியக் கூடாது, இழைகள் அறுபடக் கூடாது. லூப் கம்பி அந்த முனையில் இருந்தால் இரண்டையும் சேர்த்தே முறுக்க வேண்டும், விட்டுவிட்டால் பக்கத்து சுவிட்சுகளெல்லாம் செத்துப்போகும். முறுக்கிய பின் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பாருங்கள். வெளியே வரும் கம்பி இப்போது வரட்டும்; ஆறு மாதம் கழித்துத் தளர்ந்து சூடேறுவதைவிட அது நல்லது.

இதற்கு எழும் மறுப்புகளைப் பார்ப்போம். எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடுமே என்பார்கள். நல்ல கருவிதான், முன்பு சொன்ன டால்சீல் 1961-இல் அமெரிக்காவில் உருவாக்கிய கசிவுத் துண்டிப்பானும் இதே தத்துவத்தில் இயங்கியது. ஆனால் அது பார்ப்பது பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்பதை. ஒரு விரல் பேஸிலும் இன்னொன்று நியூட்ரலிலும் பட்டு, கால் தரையிலிருந்து விலகியிருந்தால், போனது முழுவதும் திரும்பிவிடுகிறது. அதன் கணக்கில் நீங்கள் ஒரு பல்பு. இன்வெர்ட்டருக்கு முன்னால் பொருத்திய ஆர்.சி.சி.பி.க்கு, பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் கண்ணிலேயே படாது. அது சரியாக வேலை செய்யும்போதும் அதிர்ச்சி முதலில் உங்களைத்தான் தொடுகிறது; முக்காலியிலிருந்து விழ அந்தக் கணம் போதும். செருப்பு போட்டிருக்கிறேன் என்ற வாதத்துக்கும் இதே பதில். கால் வழியை அது அடைக்கிறது. ஒரு கை கம்பியிலும் மறு கை ஈரச் சுவரிலோ ஜன்னல் கம்பியிலோ இருந்தால் மின்னோட்டம் மார்பைக் கடந்து போகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இதையெல்லாம் பொதுமேடையில் சொல்லலாமா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்று நிறுத்திக்கொள்வதல்லவா பொறுப்பு என்பார்கள். இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் சான்று பெற்றவர் எளிதில் கிடைக்கும் தெருவில், அவரைக் கூப்பிடுவதே நல்லது. ஆனால் அந்த அறிவுரை நடப்பில் என்ன செய்கிறது? இருபது நிமிட வேலைக்கு யாரும் வருவதில்லை. பொரியும் சுவிட்ச் பொரிந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் வீட்டில் யாரோ ஒருவர் விளக்கை மட்டும் அணைத்துவிட்டுத் திருப்புளியை எடுக்கிறார். அறியாமல் செய்வதற்கும் அறிந்து செய்வதற்கும் இடையில்தான் நமக்குத் தேர்வு. இன்னொன்று, வருபவர் உரிமம் பெற்றவரே ஆனாலும் உங்கள் வீட்டில் எந்தச் சுவிட்ச் இன்வெர்ட்டரில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவசரத்தில் உயிருள்ள லைனிலேயே வேலையை முடித்துவிடுகிற பழக்கமும் தொழிலில் உண்டு. அதைத் திறமை என்று நாம் மெச்சவும் செய்கிறோம். பயிற்சி அவருடைய கை தவறும் வாய்ப்பைக் குறைக்கும். தவறிய கைக்கு 230 வோல்ட் சலுகை எதுவும் காட்டாது. மெயினை இறக்குங்கள், கொஞ்ச நேரம் ஃபேன் இல்லாமல் இருந்துகொள்கிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்.

அதேபோல, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதையும் சட்டத்தின் அந்தப் பழைய சொற்றொடரே வரையறுக்கிறது: திறனும் தன்மையும் மாறக் கூடாது. 6 ஆம்பியர் சுவிட்ச் இருந்த இடத்தில் 16 ஆம்பியர் சுவிட்சும் சாக்கெட்டும் வைத்துக் கீசர் மாட்டுவது சுவிட்ச் மாற்றுவது ஆகாது. சுவருக்குள் போகும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் கம்பி அப்படியே இருக்கிறது, சூடாகப் போவது அதுதான். பிளேட்டைத் திறந்ததும் கம்பியின் உறை தொட்டால் உதிர்ந்தாலோ, பழைய அலுமினியக் கம்பி தென்பட்டாலோ, பெட்டிக்குள் ஈரம் இருந்தாலோ, எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் டெஸ்டர் எரிந்தாலோ பிளேட்டை மூடிவிடுங்கள். அது உங்கள் வேலை அல்ல. மாடிப்படியில் கீழும் மேலும் இருக்கும் இருவழி சுவிட்சுக்கு மூன்று முனைகள்; படம் எடுக்காமல் கழற்றியவர் எவ்வளவு நிதானித்தாலும் அதைச் சரியாக மாட்டுவது கடினம்.

இவ்வளவுக்கும் பிறகு புதிய சுவிட்ச் 'டக்' என்று விழுந்து விளக்கும் எரிந்துவிட்டால் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. எம்.சி.பி. பெட்டியின் கதவுக்கு உட்புறம் பெரும்பாலான வீடுகளில் வெறுமையாகத்தான் இருக்கும். எதை இறக்கினால் எந்த அறை அணைகிறது, எந்தச் சுவிட்சுகள் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றன, இன்வெர்ட்டரை முழுவதும் நிறுத்த எதையெதைச் செய்யவேண்டும் என்பதை இன்றைக்கு ஒருமுறை கண்டுபிடித்தவர் நீங்கள். அதை ஒரு தாளில் எழுதி அங்கே ஒட்டிவிடுங்கள். வாடகை வீடானால் காலி செய்யும்போது கிழிக்காமல் விட்டுச் செல்லுங்கள்.